பதினோரு மணிக்கு வரும் லாரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி உயிர்விடுகிறவர்களைப் பற்றிச் சில நாள் முன்பு தலையங்கம் எழுதியிருந்தீர்கள். நல்ல தலையங்கம்தான். கடைசிப் பத்தியில் மட்டும், ‘மக்களிடையே போதிய விழிப்புணர்வு இல்லை’ என்று முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை.

எங்கள் குடியிருப்பில் 18 வீடுகள். பதினெட்டு வீட்டுக்கும் எல்லாம் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்ள நாங்கள் படுகிற பாடு இருக்கிறதே, அதுதான் உங்களுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

நான் அஞ்சலகக் கவுன்ட்டரில் 34 ஆண்டு உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். ‘போஸ்ட் ஆபீஸ் மேடம் கணக்கில் பைசா பிசகாது’ என்று சொல்லிச் சொல்லியே 2019இல் சங்கத்தின் பொருளாளர் வேலையை என் தலையில் கட்டினார்கள். ஐந்து வருஷம் பார்த்தேன். வவுச்சர் எழுதுவது, ரசீது கிழிப்பது, பராமரிப்புப் பணம் தராதவர் வீட்டு வாசலில் போய் நிற்பது, மாதக் கடைசியில் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது, இவைதான் வேலை.

நாங்கள் இருப்பது சென்னையின் தென்புறநகரில். நான் வீடு வாங்கிய 2011லிருந்தே பாதாளச் சாக்கடை ‘இதோ வருது’ என்கிறார்கள். அது வரும்வரைக்கும், கார் நிறுத்துகிற இடத்துக்கு அடியில் ஒரு செப்டிக் டேங்க். அதற்கு இரண்டு இரும்பு மூடி. ஒன்றின்மேல் ஒரு ஸ்கூட்டர் நிற்கும், இன்னொன்றின்மேல் ஒரு வெள்ளைக் கார். மாதம் இரண்டு முறை லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். ஐப்பசி, கார்த்திகையில் நாலு முறை.

லாரி வருவது எப்போதும் வார நாளில், காலை 11 மணிக்கு. இந்த நேரத்தைக் குறித்தது யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆபீஸ் போகிறவர்கள் போயிருப்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். வீட்டில் இருக்கிறவர்கள் சமையலை முடித்திருப்போம், சாப்பிட இன்னும் உட்கார்ந்திருக்க மாட்டோம். நாற்றம் வந்தாலும் ஒரு மணிக்குள் கலைந்துவிடும். இத்தனை பேருக்கும் இவ்வளவு தோதான ஒரு நேரம் தற்செயலாக அமைந்தது என்று நான் நம்பவில்லை.

2019 கோடை உங்களுக்கு நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்த வருஷம். தண்ணீர் லாரி எங்கே வருகிறது, எந்த முனையில் திரும்பியது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நிமிடத்துக்கு ஒரு தகவல் வரும். லாரி ஓட்டுநரின் பெயர் தெரியும். அவர் மகளுக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்பதுகூடத் தெரியும். உள்ளே தண்ணீர் கொண்டுவருகிறவரைப் பற்றி அவ்வளவு தெரிந்துவைத்திருந்த எங்களுக்கு, வெளியே கொண்டுபோகிறவரின் பெயர் இன்றைக்கும் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2022 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. தரைத்தள வீட்டுக் கழிப்பறையில் தண்ணீர் இறங்காமல் மேலேறி வந்தது. லாரி ஓட்டுநர் தொட்டிக்குள் குழாயை விட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தண்ணி மட்டும்தாம்மா வருது. அடியில சேறு கட்டியா நிக்குது. துணி, பேப்பர்னு என்னென்னமோ அடைச்சிருக்கு. ஆள் இறங்கி வாரிவிட்டாத்தான் ஆகும். அதுக்குத் தனியா ஆயிரத்து ஐநூறு.”

குழுவில் கேட்டேன். ‘அடைப்பு எடுக்கக் கூடுதலாக 1,500 ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?’ இரண்டு நிமிடத்தில் ஒன்பது கட்டைவிரல் வந்தன. ‘ஆள் இறங்க’ என்று நான் எழுதவில்லை. ‘அடைப்பு எடுக்க’ என்றுதான் எழுதினேன். யோசித்து மறைத்தேன் என்றும் சொல்ல முடியாது. கை தானாக அப்படி எழுதியது.

லாரியோடு வந்த பையனுக்கு 22, 23 வயது இருக்கும். மூடி இரண்டையும் திறந்துவைத்துவிட்டு, ‘காத்து போகட்டும்’ என்று அரை மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். அப்புறம் அவன் எழுந்து சட்டையைக் கழற்றி நாலாக மடித்தான். மடிப்புக்குள் செல்போனை வைத்தான். மூடியிலிருந்து நகர்த்தி நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் சீட்மேல் அதைப் பத்திரமாக வைத்துவிட்டு, இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். கயிற்றின் மறுமுனை ஓட்டுநர் கையில். பாதுகாப்பு என்று இருந்தது அது ஒன்றுதான்.

முதல் மாடியிலிருந்து ஸ்கூட்டர்காரப் பெண்மணி வாட்ச்மேனைக் கூப்பிட்டார். “என் சீட்ல என்னமோ வச்சிருக்காங்க பாருங்க.” வாட்ச்மேன் சட்டையை எடுத்து மதில்மேல் வைக்கப் போனார். அதற்குள் பையன் மார்பளவு உள்ளே இருந்தான். தலையை மட்டும் நிமிர்த்தி, “போன் இருக்குண்ணே, பாத்து” என்றான்.

நான் இரண்டாம் மாடி பால்கனியில், காயப்போட்டிருந்த புடவைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம். அவன் வாளியில் வாரிக் கொடுத்ததை ஓட்டுநர் மேலே இழுத்து, மரத்தடியில் விரித்திருந்த பிளாஸ்டிக் தாளில் கொட்டினார். நாப்கின்கள். எப்படித்தான் உள்ளே போயினவோ, இரண்டு டயப்பர். ஷாம்பு உறைகள். சமையல் எண்ணெய் உறைந்து சோப்புக்கட்டி மாதிரி ஆன வெள்ளைக் கட்டிகள். எல்லாவற்றையும்விட அதிகமாக, குழந்தைகளைத் துடைக்கிற ஈரத்தாள்கள், கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு. அவற்றில் சில எங்கள் வீட்டிலிருந்து போனவை. அந்த வருஷம் மே மாதம் என் மகள் கைக்குழந்தையோடு பெங்களூரிலிருந்து வந்து மூன்று வாரம் இருந்தாள். “ஃப்ளஷ் பண்ணலாமாம்மா? தண்ணியில கரையும்னு பாக்கெட்ல போட்டிருக்கு” என்று கேட்டாள். கரையுமா என்று எனக்கும் சந்தேகம்தான். ஆனால் குப்பை வண்டி போய்விட்டிருந்தது. மறுநாள் வரை வீட்டில் வைத்தால் வாடை அடிக்கும். போடு என்று சொன்னவள் நான்.

வேலை முடிந்து தோட்டக் குழாயில் குளித்தான். குடிக்கத் தண்ணீர் கேட்டான். வாட்ச்மேன் ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தார். நான் கீழே இறங்கிப்போய் ஒரு காபி கொடுத்திருக்கலாம். டிகாக்‌ஷன் இருந்தது, பாலும் இருந்தது. எந்த டம்ளரில் கொடுப்பது என்று மனசு கேட்டது. அப்படிக் கேட்டதே என்ற வெட்கத்தில் போகாமலே இருந்துவிட்டேன்.

அன்று யாரும் சாகவில்லை. ஆகவே எங்களைப் பொறுத்தவரை அன்று ஒன்றும் நடக்கவில்லை. மாலையில் குழுவில் வந்த புகார், மரத்தடிக் குவியலை எப்போது எடுப்பார்கள் என்பதுதான். நான் வவுச்சர் எழுதினேன்: ‘கழிவுநீர் லாரி 2 நடை – ரூ. 2,800. இதரம் – ரூ. 1,500.’

‘இதரம்’ என்று எந்தக் கணக்கில் பார்த்தாலும், கவுன்ட்டரில் இருந்த காலத்தில் எனக்குப் புருவம் ஏறும். தணிக்கைக்கு வருகிறவர்கள் முதலில் விரல் வைக்கிற இடம் அது. அதே சொல்லை நானே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

இதையெல்லாம் நான் எங்கே கற்றேன் என்று பிறகு யோசித்தேன். கும்பகோணத்தில் கற்றேன். அறுபதுகளில் எங்கள் தெருவில் எல்லாம் எடுப்புக் கக்கூஸ். வீடு இந்தத் தெருவில் தொடங்கும். திண்ணை, ரேழி, முற்றம், அடுக்களை, கொல்லை என்று நீண்டுகொண்டே போய், பின்னால் ஒரு சந்தில் முடியும். கக்கூஸின் அடிச்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தகரக் கதவு, சந்துப் பக்கமாகத் திறக்கும். அந்தச் சந்து இருந்ததே ஒருத்தி வந்துபோவதற்காக. கூடையும் தகரத் துண்டும் சாம்பலுமாக விடிந்ததும் வருவாள், வழித்துக்கொண்டு போவாள். அவள் வருகிற நேரத்தில் கொல்லைப் பக்கம் போகக் கூடாது. ஏன் என்று யாரும் சொன்னதில்லை; ‘அவ வர்ற நேரம்’ என்று மட்டும் சொல்வார்கள்.

ஏழு வயதில் ஒருநாள் பந்து தேடிக் கொல்லைக் கோடிக்குப் போய்விட்டேன். கதவு திறந்திருந்தது. குனிந்து பார்த்தேன், அந்தப் பக்கம் அவளும் குனிந்திருந்தாள். இரண்டு பேர் கண்ணும் நேருக்கு நேர். அவள்தான் முதலில் பயந்தாள். “போ பாப்பா, போயிடு” என்று கையை ஆட்டினாள். அதற்குள் பாட்டி பார்த்துவிட்டார். கிணற்றடியில் நிறுத்தித் தலையோடு தண்ணீர் ஊற்றினார்கள். தீபாவளிக்கு மறுநாள் அவளுக்குப் பழைய சோறும் ஒரு புடவையும் போடுவோம், கைக்கு எட்டாத உயரத்திலிருந்து. பாட்டி நல்லவர், தெருவில் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் கஷாயத்தோடு போய் நிற்பவர். அவருக்கு அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது.

எங்கள் வீட்டில் 1974இல் ஃப்ளஷ் கக்கூஸ் வந்தது. அந்தத் தகரக் கதவைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். கையால் மலம் அள்ளவைப்பதையும் எடுப்புக் கக்கூஸையும் தடுக்கும் முதல் சட்டம் 1993இல் வந்தது. அன்றைய கொல்லைச் சந்து செய்த வேலையை, எங்கள் குடியிருப்பில் பதினோரு மணி என்கிற நேரம் செய்கிறது. அப்போது இடம் பார்த்து ஒதுக்கினோம், இப்போது நேரம் பார்த்து ஒதுக்குகிறோம்.

2023 அக்டோபர் 20ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறப்பவர் குடும்பத்துக்குத் தரும் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் சட்டத்தைத் தேடி எடுத்து உட்கார்ந்து படித்தேன். கையால் மலம் அள்ளவைப்பதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், 7ஆம் பிரிவு: எந்த நபரும், எந்த உள்ளாட்சி அமைப்பும், எந்த முகமையும், அபாயகரமான முறையில் சாக்கடையோ செப்டிக் டேங்கோ சுத்தம் செய்ய ஒருவரை ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ அமர்த்தக் கூடாது. முதல் தடவைக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். திரும்பச் செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம். ஜாமீனில் விட முடியாத குற்றம். ‘மறைமுகமாகவோ’ என்ற சொல்லின் அடியில் பென்சிலால் கோடு போட்டேன். அந்தச் சொல் எங்கள் சங்கத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

1993க்குப் பிறகு இப்படி இறந்தவர்கள் தமிழ்நாட்டில்தான் அதிகம், 200ஐத் தாண்டிவிட்டது என்று நாடாளுமன்றத்தில் மத்திய அரசு வைத்த கணக்குகளே சொல்கின்றன. ‘இங்கேதான் ஒழுங்காகக் கணக்கு எடுக்கிறார்கள், அதனால் அதிகம் தெரிகிறது’ என்று ஒருவர் என்னிடம் சமாதானம் சொன்னார். இருக்கலாம். அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவில்லை.

தொட்டிக்குள் இருக்கும் வாயுவைப் பற்றியும் படித்தேன். ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்றைவிடக் கனம், ஆகவே அடியில் தங்கும். மூடியை அரை மணி நேரம் திறந்துவைத்தால் மேலே இருப்பது கலையும். சேற்றுக்குள் சிக்கியிருப்பது, காலால் கலக்கும்போதுதான் கிளம்பும். கொஞ்சமாக இருக்கையில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு ஏறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் அடங்கிவிட்டது என்று நினைக்கிறவன் அடுத்த மூச்சில் விழுவான். விழுந்தவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். செய்திகளில் ‘இருவர் பலி’, ‘மூவர் பலி’ என்று வருவது அதனால்தான். அந்தப் பையன் இடுப்பில் இருந்த கயிறு ஞாபகம் வந்தது.

டிசம்பரில் பொதுக்குழு. 18 வீட்டில் 11 வீட்டார் வந்தார்கள். மூன்று விஷயம் முன்வைத்தேன்: இனி ஆள் இறங்கக் கூடாது என்று தீர்மானம், கசடு கெட்டியாகும் முன் வருஷத்துக்கு ஒரு தடவை இயந்திரம் வைத்து முழுத் தொட்டியையும் காலி செய்வது, அதற்காக மாதம் வீட்டுக்கு 50 ரூபாய். செப்டிக் டேங்கை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறையாவது அடிவரை சுத்தம் செய்ய வேண்டும். நாங்கள் கட்டடம் கட்டியதிலிருந்து மேல்தண்ணீரை மட்டும்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தோம்.

பேச்சு எப்படிப் போனது என்று சொல்கிறேன். ஒருவர், “நாம யாரும் இறங்கச் சொல்லலையே மேடம், லாரிக்காரன் பொறுப்பு” என்றார். பென்சில் கோடு போட்ட தாளை நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. இன்னொருவர், “அவன் பிழைப்புல ஏன் மண்ணைப் போடணும்? இஷ்டப்பட்டுத்தானே இறங்குறான்” என்றார். மூன்றாவதாக ஓர் அம்மாள், என்மீது உண்மையான பிரியம் உள்ளவர், “இதையெல்லாம் பேசிப் பேசி ஏன் மனசைக் கெடுத்துக்கறீங்க? பிபி ஏறப்போகுது” என்றார். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று ஒத்திவைத்தார்கள். அடுத்த விஷயம் கண்காணிப்பு கேமரா. எட்டு கேமரா, 52,000 ரூபாய். பத்து நிமிடத்தில் ஏகமனதாக நிறைவேறியது. அதில் நாலாம் நம்பர் கேமரா இன்று நேராக அந்த இரும்பு மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்த ‘இஷ்டப்பட்டு’ என்ற வார்த்தை என்னை விடவில்லை. அடுத்த முறை லாரி வந்தபோது கீழே இறங்கிப்போய் ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுத்தேன். பன்னிரண்டு வருஷத்தில் அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அது. 1,500 ரூபாயில் பையனுக்குப் போவது 500. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. அவன் அப்பாவும் இதே வேலை. “நடுவுல ஒரு கம்பெனில பார்சல் பிரிக்கிற வேலைக்குப் போனாம்மா. எந்த ஏரியான்னு கேட்டாங்களாம், சொன்னான். கக்கூஸ் கழுவறதுக்குப் போட்டாங்க. அதுக்கு இதுவே தேவலைன்னு திரும்பி வந்துட்டான்.” அவன் இஷ்டம் அந்த அளவுக்குள்தான் நடமாட முடிந்திருக்கிறது. எந்தச் சாதியார் இறங்குவார்கள் என்று எங்கள் கூட்டத்தில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளில் வேலை கிடைக்காமல் இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது இந்த இஷ்டம் வருமா என்றும் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? மறுநாள் லிஃப்ட்டில் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவ்வளவுதான் காரணம். சௌகரியம் என்றால் சோம்பல் என்று நினைக்கிறோம். எங்கள் குடியிருப்பில் ஒருவரும் சோம்பேறி இல்லை. நாலரை மணிக்கு எழுந்து மார்கழி முழுக்கக் கோலம் போடுகிறவர்கள், வெள்ளம் வந்தபோது முட்டியளவு தண்ணீரில் நடந்து பக்கத்துத் தெருவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவர்கள். உடம்பு வருந்துவதற்கு யாரும் அஞ்சவில்லை. ஆனால் பதினேழு பேர் ‘நமக்கேன் வம்பு’ என்று இருக்கும்போது பதினெட்டாவது ஆளாக வாயைத் திறந்து, மறுநாளிலிருந்து பொங்கல் கிண்ணம் வராமல் போவதைத் தாங்குவது வேறு. தெரிந்துகொண்டுவிட்டால் ஏதாவது செய்தாக வேண்டும். செய்தால் உறவு கசக்கும். அதற்குத் தெரியாமலே இருப்பது எவ்வளவோ மலிவு. இது பயமா, சுயநலமா, வெறும் நாகரிகமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

2024 மார்ச்சில் மகள் வீட்டுக்குப் பத்து நாள் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மேசையில் ஒரு வவுச்சர், என் கையெழுத்துக்காக. ‘இதரம் – ரூ. 2,000.’ வாட்ச்மேனைக் கேட்டேன். “ஆமா மேடம், திங்கக்கிழமை இறங்கினாங்க, ரெண்டு பேர். பதினோரு மணிக்கு.”

அந்த வவுச்சரைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினேன்: ‘செப்டிக் டேங்குக்குள் இரண்டு ஆள் இறங்கிக் கசடு வாரியதற்கு – ரூ. 2,000.’ மாதக் கணக்கிலும் அப்படியே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். கூடுதலாக ஒரு வார்த்தை இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. கவுன்ட்டரில் பழகிய எழுத்து.

அன்றைக்கு இரவு ஒன்பதரைக்குத் தலைவர் வந்தார். கதவைத் தாழிட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: “மேடம், அப்படி எழுதாதீங்க. எழுதினா ஆதாரமாயிடும். ஏதாவது ஒண்ணுன்னா நாம எல்லாரும் உள்ள போகணும். ‘பராமரிப்பு’ன்னு மாத்திடுங்க.”

ஆசிரியர் ஐயா, நீங்கள் எழுதிய வரியை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். விழிப்புணர்வு இல்லாதவர் பேசுகிற பேச்சா இது? பிரிவு எண் தவிர மற்றதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மாற்ற மாட்டேன் என்றேன். மறுநாள் காலை பலகையில் அந்தத் தாள் இல்லை. இன்னொரு பிரதி ஒட்டினேன். அதுவும் போயிற்று. குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை, கட்டைவிரல்கூட இல்லை. ஆள் இறங்கியதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை, அதை எழுதியதில்தான் இருந்தது. ஏப்ரலில், ‘உங்களுக்கும் வயசாகுது, ஓய்வெடுங்க’ என்று சால்வை போர்த்தி என்னை விடுவித்தார்கள். நல்ல சால்வை. மார்கழிப் பனிக்கு ஆகிறது.

ஆனால் ஒன்று நடந்தது. போன வருஷம் ஜனவரியில் தொட்டி மறுபடி அடைத்துக்கொண்டபோது, அந்த வவுச்சரில் கையெழுத்துப் போட ஆள் கிடைக்கவில்லை. ‘இதரம்’ என்று எழுதவும் பயம், உண்மையை எழுதவும் பயம். புதுப் பொருளாளர் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் பையன். இரண்டு நாள் போனில் அலைந்து, அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கசடைக் கரைத்து உறிஞ்சும் இயந்திரத்தோடு ஒரு வண்டியைப் பிடித்தான். கழிவுநீர் அகற்ற 14420 என்று ஒரு கட்டணமில்லா எண் இருப்பதையே அப்போதுதான் எங்கள் குடியிருப்பு கேள்விப்பட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. யாரும் சட்டையைக் கழற்றவில்லை. 9,000 ரூபாய் ஆயிற்று. பழைய முறையில் 4,300 ஆகியிருக்கும். வித்தியாசத்தைப் பதினெட்டால் வகுத்துப் பார்த்தேன்: வீட்டுக்கு 261 ரூபாய்.

மனம் மாறி இதைச் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இரும்பு மூடிமேல் இன்னமும் ஸ்கூட்டர்தான் நிற்கிறது, லாரி இன்னமும் பதினோரு மணிக்குத்தான் வருகிறது. ‘நாப்கின், ஈரத்தாள் போடாதீர்கள்’ என்று கழிப்பறைகளில் ஒட்டச் சொல்லி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் கொடுத்தேன். எத்தனை வீட்டில் ஒட்டினார்கள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. அந்தப் பையன் இப்போது லாரியோடு வருவதில்லை. எங்கே போனான் என்று ஓட்டுநருக்கும் தெரியவில்லை. அவனுக்கு வேறு வேலை கிடைத்ததா, வேறு தொட்டி கிடைத்ததா என்பது எங்கள் 261 ரூபாய்க்குள் வராத கேள்வி.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். விழிப்புணர்வு வேண்டும் என்று எழுதுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்து, செய்தி போடுகிற விதத்தை மாற்றிப் பாருங்கள். இப்படி ஒருவர் இறந்தால் உங்கள் பத்திரிகையில் அவர் பெயர் வருகிறது, வயது வருகிறது, ஊர், மனைவி, எத்தனை குழந்தை எல்லாம் வருகிறது. லாரி உரிமையாளர் கைது என்று வருகிறது. தொட்டி யாருடையது என்ற இடத்தில் மட்டும் ‘ஒரு தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு’ என்று போடுகிறீர்கள். அதுவும் ஒருவகையில் ‘இதரம்’தான். குடியிருப்பின் பெயரைப் போடுங்கள். எத்தனை வீடு, மாதப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, கேமரா எத்தனை என்று போடுங்கள். எங்கள் தலைவர் ஒன்பதரை மணிக்கு வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டு பேசினாரே, அந்தப் பயம் எந்தச் சுவரொட்டிக்கும் வராது, அச்சில் பெயர் வந்தால் வரும்.

இதைச் சொல்லிவிட்டு என் சங்கதியையும் சொல்லவேண்டும். தனித்தாளில் என் பெயரையும் குடியிருப்பின் பெயரையும் எழுதி இணைத்திருக்கிறேன். கீழே ‘பெயரை வெளியிட வேண்டாம்’ என்று முதலில் எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்தேன். நேற்று இரவு மகள் போனில் ஒரு மணி நேரம் பேசினாள், மறுபடி எழுதினேன். இன்று காலை திரும்பவும் அடித்திருக்கிறேன். தாளில் அந்த இடம் கிறுக்கலாகத்தான் இருக்கும். போடுவதா வேண்டாமா என்பதை உங்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன். இப்படி உங்கள் தலையில் கட்டுவதும் எனக்கு ஒரு சௌகரியம்தான் என்று தெரிகிறது.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் பொருளாளர்,
சென்னை தென்புறநகர்.
(பெயர், முகவரி தனித்தாளில்)